அப்பாவின் சட்டைப்பையில் ஃபிளிப் போன்

ஜனவரி 9

அன்புள்ள ஊமைக்கோட்டான் அண்ணனுக்கு,

பார்சலை இன்னும் பிரிக்கவில்லை என்றால் கத்தரிக்கோலைக் கீழே வை. நகத்தால் நாடாவைக் கிளப்பி மெதுவாகப் பிரி. பிரித்துவிட்டாய் என்றால் முதலில் போய்க் கையைக் கழுவிவிட்டு வா. பம்ப் ஹவுஸ் கிரீஸ் அதில் பட்டால் பிறகு என்ன தேய்த்தாலும் போகாது.

நான் கடையில் நின்று நாள் முழுக்க விற்கிற ஃபிளிப் போன்தான் அது. வருஷத்துக்கு ஒன்று ஊழியர்களுக்குச் சலுகையில் தருவார்கள். எனக்கு வந்ததை உங்களுக்கு அனுப்பிவிட்டேன். வீட்டு லேண்ட்லைன் செத்து மூன்று மாதம் ஆகிறது. இதோ ஆள் வருகிறான், அதோ ஆள் வருகிறான் என்று நீயும் சலிக்காமல் எழுதிக்கொண்டிருக்கிறாய்.

வாடிக்கையாளர்களிடம் ஒப்பிப்பதை உனக்கும் ஒப்பிக்கிறேன், கேட்டுக்கொள். படுக்கப்போட்ட தீப்பெட்டி உயரம்தான் இதன் மொத்தத் தடிமனும். மேல்மூடி அலுமினியம், தொட்டால் சில்லென்று இருக்கும். வெளியே சின்னதாக ஒரு கண்ணாடித் திரை. மணி காட்டும், கூப்பிடுகிறவர் பெயர் காட்டும், எதுவும் காட்டாத நேரத்தில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். உள்ளே எண்கள் தனித்தனிப் பொத்தான்களாக இல்லை. ஒரே உலோகத் தகட்டில் கோடு கிழித்த மாதிரி இருக்கும், திறந்ததும் நீல வெளிச்சம் வரும். கேமரா உண்டு, நீ யாரைப் படம் எடுக்கப்போகிறாய். போன் வந்தால் எந்தப் பொத்தானையும் தேட வேண்டாம். திறந்தால் பேச்சு ஆரம்பம், மூடினால் பேச்சு முடிந்தது. இந்த இடத்தில் நான் 'டப்' என்று மூடிக் காட்டுவேன். பாதிப் பேர் அந்தச் சத்தத்துக்கே மயங்கிப் பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார்கள்.

உன் கேள்விக்கு வருகிறேன். அதற்கு வராமல் தப்பிக்கத்தான் இத்தனை நேரம் போனைப் பற்றியே எழுதினேன், உனக்குத் தெரிந்திருக்கும். ஆறு மாதம் வந்து அப்பாவைப் பார்த்துக்கொள் என்று கேட்டிருந்தாய். என்னால் முடியாது அண்ணா. புதுக் கிளைக்கு என்னைப் பொறுப்பாகப் போடப்போவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். இது ஒரு காரணம். இன்னொரு காரணம் உனக்கே தெரியும். 'புருஷனை விட்டுட்டு வந்தவளுக்கு இந்த வீட்டுல என்ன வேலை?' என்று கேட்டாரே, அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. அதற்குப் பிறகு வாய் நன்றாக இருந்த ஆறு வருஷமும் ஒரு வார்த்தை இல்லை. இப்போது பக்கவாதத்தில் பேச்சே போய்விட்டது. நான் வந்து எதிரில் நின்றால் அவர் பேசாமலிருப்பது நோயாலா கோபத்தாலா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வேன்?

பதினொரு மணிக்குக் கடையில் கூட்டம் இருக்காது. உனக்கும் மதிய ஷிப்ட்தானே, அந்நேரம் வீட்டில் இருப்பாய். தினமும் கூப்பிடுகிறேன். எடு.

உன் தங்கை

•

ஜனவரி 20

தங்கைக்கு,

போன் வந்தது. கையைக் கழுவிவிட்டுத்தான் தொட்டேன். அழகாகத்தான் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. பம்ப் ஹவுஸுக்கு எடுத்துப் போய்க் காட்டினேன். நாலு பேர் வாங்கி வாங்கித் திறந்து மூடினார்கள். போர்மன் தன் சட்டைப்பையில் போட்டுப் பார்த்துவிட்டு, பை தொங்கவே இல்லை என்று ஆச்சரியப்பட்டார். "இதை வெச்சுக்கிட்டு நீ யாருகிட்டப்பா பேசப்போற?" என்றும் கேட்டார். நியாயமான கேள்வி.

நான் ஆள் கேட்டேன். நீ போன் அனுப்பியிருக்கிறாய்.

இன்னொரு தடவை எழுதுகிறேன், பொறுமையாகப் படி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பயிற்சிக்கு என் பெயர் வந்திருக்கிறது. ஆறு மாதம் அங்கேயே தங்க வேண்டும். முடித்தால் வேலை நிச்சயம். நாற்பது வயதைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள், எனக்கு ஜூனில் நாற்பது. மார்ச் ஒன்றாம் தேதி சேர வேண்டும். வருகிறேனா இல்லையா என்ற பதில் பிப்ரவரி இருபத்தைந்துக்குள் அவர்கள் கைக்குப் போக வேண்டும். பதினேழு வருஷமாக அதே மூன்று வால்வைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன். அப்பா விழுந்த இந்த ஒன்றரை வருஷமாக, அவரை எழுப்பி உட்காரவைத்து, துடைத்து, விழுங்கச் சிரமப்படுகிறவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டி, படுக்கவைத்துவிட்டு அந்த வால்வுக்குப் போகிறேன். எனக்கு அலுத்துவிட்டது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

போன் பண்ணாதே. போனில் பேசினால் நீதான் ஜெயிப்பாய், உன் வாய் அப்படி. எழுது. வருகிறாயா, இல்லையா?

போனை அப்பா பிடுங்கிக்கொண்டார். நான் வேலைக்குப் போகிற நேரத்தில் அவர் சட்டைப்பையில்தான் இருக்கிறது. வலது கை விளங்காவிட்டாலும் இடது கை நன்றாகவே இருக்கிறது. முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக டிக்கெட் கட்டைப் பிடித்த கட்டைவிரல் அல்லவா, ஒரே தட்டில் மூடியைத் திறந்துவிடுகிறது. எனக்கு இரண்டு கை வேண்டியிருக்கிறது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அண்ணன்

•

பிப்ரவரி 4

அண்ணா,

பன்னிரண்டு நாள் கூப்பிட்டேன். பன்னிரண்டு நாளும் நீ திறந்தாய், ஒரு வார்த்தை பேசாமல் மூடினாய். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது. சின்ன வயதில் என்னோடு சண்டை போட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு இப்படித்தான் மூச்சு விடுவாய். போன் பண்ணாதே என்று எழுதியிருந்தாய், சரி. பிடிக்கவில்லை என்றால் எடுக்காமலே விட்டிருக்கலாமே? எடுத்து, காதில் வைத்து, நான் பேசுவதையெல்லாம் கேட்டுவிட்டு, டப்.

அந்தச் சத்தத்தை நானே கவுண்டரில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை செய்து காட்டுகிறேன். "சண்டை போட்டுட்டு வெக்கிறதுக்கு இதைவிட நல்ல போன் கிடையாதுங்க" என்று ஒரு ஜோக் வேறு வைத்திருக்கிறேன். ஜோடியாக வருகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். ஒரு வாரமாக அந்த ஜோக் எனக்கு வாயில் வரமாட்டேன் என்கிறது.

ஆரம்பத்தில் நான் நல்லவிதமாகத்தானே பேசினேன்? வெளித் திரையில் மீசையைச் சரிசெய்துவிட்டு வாங்காமலே போன ஆளைப் பற்றிச் சொன்னேன். எங்கள் மாடிப்படியில் நாய் குட்டி போட்டதைச் சொன்னேன். நான் தனியாக இருக்கிற அறை, அதன் சன்னல், எதிர்வீட்டுக்காரியின் சண்டை, எல்லாம் சொன்னேன். ஒரு நாள் இருபது நிமிஷம் நீ மூடவே இல்லை. ஊமைக்கோட்டானுக்கு மனசு இறங்கிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். மறுநாள் அப்பாவின் பேச்சை எடுத்ததும் மூடிவிட்டாய்.

நேற்று எனக்குப் பொறுமை போய்விட்டது. நேற்று சொன்னதை எழுத்திலும் எழுதிவிடுகிறேன், பிறகு காதில் விழவில்லை என்று சொல்லாதே. "அவரை ஏதாவது ஹோம்ல சேர்த்துட்டு நீ பாட்டுக்குக் கிளம்பு. நான் செத்தேனா இருக்கேனான்னு ஆறு வருஷம் கேக்காத மனுஷனுக்கு நான் ஏன் வாய் துடைச்சு விடணும்? அவர் போயிட்டாக்கூட எனக்குச் சொல்ல வேணாம். நான் வரமாட்டேன்." இதுதான் நான் சொன்னது. அதையும் முழுசாகக் கேட்டுவிட்டு மெதுவாக மூடினாய். வழக்கமான டப் இல்லை. அது எனக்கு அதிகமாக வலித்தது.

இனி கூப்பிட மாட்டேன். நீ நிம்மதியாக இரு.

தங்கை

•

பிப்ரவரி 11

தங்கைக்கு,

உன் கடிதத்தை வாசலில் நின்றே படித்தேன். அதற்குப் பிறகு உள்ளே போகக் கால் வரவில்லை.

உன் போனை நான் ஒரு நாள்கூட எடுக்கவில்லை. ஜனவரி பாதியிலேயே என்னைக் காலை ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஆறு மணிக்குப் போய் இரண்டரைக்குத்தான் வருகிறேன். இதையெல்லாம் ஒரு செய்தியென்று எழுதுவானேன் என்று விட்டிருக்கிறேன். பதினொரு மணிக்கு இந்த வீட்டில் இருப்பது அப்பா மட்டும்தான். பன்னிரண்டுக்கு மேல் மாடிவீட்டு டீச்சர் இறங்கி வந்து அவருக்குச் சாப்பாடு கொடுப்பார்.

எனக்கு எப்படித் தெரியும், சொல். எடுக்காத போன் என்றால் வெளித் திரையில் காட்டியிருக்கும். எடுத்துப் பேசிய போனைப் பற்றி அது வாயே திறப்பதில்லை. இன்று உள்ளே தேடிப் போய்ப் பார்த்தேன். வரிசையாக உன் பெயர். பதினொன்று நாலு, பதினொன்று பத்து, பதினொன்று இரண்டு. ஒன்று நாலு நிமிஷம், ஒன்று ஏழு நிமிஷம், ஒன்று இருபது. போன் பண்ணாதே என்று எழுதினாலும் நீ கேட்கிற ஆளா, ஒரு தடவையாவது பண்ணுவாய் என்று எதிர்பார்த்திருந்தேன். வரவில்லை என்று உன்னை மனதுக்குள் திட்டிக்கொண்டும் இருந்தேன்.

அப்பாவிடம் போய்க் கேட்டேன். "தங்கச்சி போன்ல பேசினாளா?" என்றேன். போனைப் பைக்குள் தள்ளி அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். "அவ சொன்னதெல்லாம் கேட்டீங்களா?" தலையை ஆட்டினார். அவருக்குப் போனது பேச்சுதான். காதுக்கும் புத்திக்கும் ஒரு குறையும் இல்லை, உனக்கே தெரியும்.

போன வாரத்திலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. டீச்சர் வேறு சொன்னார்: "பதினோரு மணியானா போனைக் கையில எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்துடறாருப்பா. தொறக்கறாரு, மூடறாரு, தொறக்கறாரு. என்னத்தைப் பாக்கறாருன்னே தெரியல." விளையாடி விளையாடி பேட்டரியைத் தீர்க்கிறார் என்று நான் அவரைச் சத்தம் போட்டேன். 

இன்னொன்றும் எழுதத்தான் வேண்டும். நாலு நாள் முன்னால் அலமாரியைக் காட்டி, தன் துணிகளை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். பிறகு கட்டிலுக்கு அடியில் இருக்கும் பையைக் காட்டினார். பிறகு வாசலைக் காட்டினார். டாக்டரிடம் போக வேண்டுமோ என்று நினைத்துச் செருப்பைப் போட்டுவிட்டேன். இல்லை இல்லை என்று கையை ஆட்டினார். எனக்கு அன்றைக்கு ஒன்றும் புரியவில்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் புரிந்தது. ஹோமுக்குக் கிளம்பியிருக்கிறார்.

நான் அவரை எங்கேயும் சேர்க்கப்போவதில்லை. பயிற்சிக்கு வரவில்லை என்று எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். தபாலில் சேர்க்கவில்லை, நாளைக்குச் சேர்ப்பேன், அல்லது அதற்கு மறுநாள். உன்மேல் எனக்குக் கோபமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். கோபப்படக்கூட உடம்பில் தெம்பில்லை.

அண்ணன்

•

பிப்ரவரி 16

அண்ணா,

அந்த உறையைக் கிழித்துப் போடு. வருகிறேன் என்று எழுதி இன்றைக்கே அனுப்பு. இருபத்தேழாம் தேதி காலை வண்டியில் நான் வந்து இறங்குவேன். ஒரு நாள் பக்கத்தில் இருந்து எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று காட்டிவிட்டுக் கிளம்பு.

அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. மன்னிக்கவில்லை. அவரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்றும் தெரியவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் மனதில் கிடந்து என்னைத் தூங்கவிடாமல் செய்கின்றன. உன் கடிதம் வந்த அன்று ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். மகன் வாங்கித் தருகிறான் போலிருக்கிறது. போனை வாங்கித் திறந்து காதில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். "பேசிப் பாருங்க சார்" என்றேன். "அந்தப் பக்கம் யாரும் இல்லையேம்மா" என்றார். நான் ஸ்டோர் ரூமுக்குப் போய்க் காலி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவருக்கு அந்தப் போனை விற்றேன்.

ஆறு மாதம் லீவு கேட்டதும் புதுக் கிளைக்கு வேறு பெண்ணைப் போட்டுவிட்டார்கள். முதலாளி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போகட்டும்.

பதினொரு மணிக்குத் தினமும் எண்ணை எடுத்து வைத்துக்கொள்கிறேன். அழுத்தத் தைரியம் வரவில்லை. அவர் அங்கே திறந்து திறந்து மூடுவது தெரிந்தும் வரவில்லை.

தங்கை

•

மார்ச் 12

வாயாடிக்கு,

அறுபது பேருக்கு ஒரு போன், அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், வரிசை மதிய உணவு மணியைத் தாண்டிப் போகிறது. அதனால் எழுதுகிறேன்.

முதல் வாரம் ஏணி ஏறி இறங்கியதிலேயே போய்விட்டது. கிரேன் கூண்டு எட்டு மாடி உயரத்தில் இருக்கிறது. உள்ளே உட்கார்ந்தால் காலுக்குக் கீழே கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே ஒன்றுமில்லை. சொல்லிக்கொடுக்கிறவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். "கீழ பாக்காதீங்கண்ணே, கொக்கியை மட்டும் பாருங்க" என்கிறார். நேற்றுத்தான் முதன்முறையாக ஒரு காலிச் சரக்குப் பெட்டகத்தைத் தூக்கி, போட்ட கோட்டுக்குள்ளேயே இறக்கினேன். கீழே இருந்து பையன்கள் கைதட்டினார்கள். எனக்கு யாராவது கைதட்டி எத்தனை வருஷம் ஆகிறது தெரியுமா?

இதைச் சொல்ல எழுதவில்லை. நீ எழுதுவதெல்லாம் 'இருவரும் நலம்' என்று ஒரு வரி. மாடிவீட்டு டீச்சர் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். நீ அறைக்குள் வந்தால் அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாராம். உன் கையால் ஒரு வாய் வாங்கவில்லையாம். டீச்சர் வந்து ஊட்டினால் நாலு கரண்டி இறங்குகிறதாம், அதற்கு மேல் இல்லை. ஆள் பாதியாகிவிட்டார் என்று எழுதியிருக்கிறார். ஏன் என்னிடம் மறைத்தாய்?

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நீ வந்ததே பெரிது. ஆனால் அவரைப் பட்டினி போட்டுவிட்டு நான் இங்கே பெட்டி தூக்கிக்கொண்டிருக்க முடியாது. இருபத்துநாலாம் தேதிக்குள் உன்னிடமிருந்து நல்ல செய்தி வரவில்லை என்றால் கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பி வந்துவிடுவேன். நடுவில் போனால் மறுபடி சேர்க்க மாட்டார்கள். பரவாயில்லை, வால்வு எங்கேயும் ஓடிப்போகாது.

அண்ணன்

•

மார்ச் 17

அண்ணா,

கிளம்பாதே. முதலில் அதை எழுதிவிடுகிறேன், மீதியைப் பிறகு படி.

டீச்சர் எழுதியது அத்தனையும் உண்மை. கதவருகே நின்று "அப்பா" என்றால் சுவர். தட்டைக் கொண்டுபோனால் சுவர். ஒரு நாள் காலடியில் உட்கார்ந்து, தெரியாம சொல்லிட்டேன்பா என்று அழுதேன். அதற்கும் சுவர்தான். எந்தப் பக்கம் படுக்கவைத்தாலும் எப்படியோ திரும்பிவிடுகிறார். இரண்டு வாரத்தில் எனக்கு அவர் முதுகு மட்டும் நன்றாக மனப்பாடம் ஆனது. உனக்கு எழுதினால் நீ ஓடி வந்துவிடுவாய் என்றுதான் மறைத்தேன். இங்கே வந்து என்ன கிழித்தேன் என்று எனக்கே வெட்கமாகவும் இருந்தது.

முந்தாநாள் காலை சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். முன்னறையில் அந்த மூடி திறக்கிற சத்தம் கேட்டது. மூடுகிற சத்தம். மறுபடி திறக்கிற சத்தம். கடிகாரத்தைப் பார்த்தேன், பதினொன்று. மெதுவாக எட்டிப் பார்த்தேன். போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் இதே வீட்டில் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறேன். அவர் என் போனுக்குக் காத்திருக்கிறார்.

ஈரக் கையோடு என் போனை எடுத்துக் கூப்பிட்டேன். எட்டடி தூரம்கூட இருக்காது. அங்கே மணி அடித்தது, நின்றது. மூச்சு கேட்டது. என்ன பேசுவதென்று தெரியாமல், "பால் பொங்கி வழிஞ்சிடுச்சுப்பா, அடுப்பைத் துடைச்சிட்டிருக்கேன்" என்றேன். அவர் மூடவில்லை. டீச்சர் வீட்டு மாடிப்படி விளக்கு எரியாததைச் சொன்னேன். நீ பெட்டி தூக்கிக் கைதட்டல் வாங்கியதைச் சொன்னேன், அப்போது மூச்சு கொஞ்சம் வேகமாக வந்தது. கால் மணி நேரம் பேசினோம். பேசினோம் என்றுதான் எழுதத் தோன்றுகிறது.

நேற்றும் கூப்பிட்டேன். சமையலறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "அப்பா, அன்னிக்கு அந்தப் பக்கம் அண்ணன்னு நினைச்சுட்டேன். நீங்கன்னு தெரிஞ்சிருந்தா அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். ஆனா ஆறு வருஷம் நீங்க பேசாதது இருக்கே, அது எனக்கு இன்னும் வலிக்குது. அதை இல்லைன்னு சொல்ல என்னால முடியல. உங்களை எங்கேயும் அனுப்ப மாட்டேன். நீங்க சாப்பிடலைன்னா அண்ணன் டிரெய்னிங்கை விட்டுட்டு வந்துடுவான். எனக்காக வேணாம், அவனுக்காகச் சாப்பிடுங்க." அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டேன். பேச்சை நிறுத்தாமலே தட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். போன் காதில் இருந்ததால் அவர் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை, என் மடியில் இருந்த தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கரண்டி வருதுப்பா, வாயைத் தொறங்க" என்று போனில் சொன்னேன். திறந்தார். "மெதுவா விழுங்குங்க." விழுங்கினார். இப்படியே ஒவ்வொரு கரண்டியும் போனில் சொல்லிச் சொல்லி ஊட்டினேன். டீச்சர் தன் பாத்திரத்தோடு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏம்மா, எதிரெதிர உக்காந்துக்கிட்டா போன்ல பேசிக்கிறீங்க?" என்றார். அப்பா சிரித்த மாதிரி இருந்தது. வாய் கோணியிருப்பதால் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது.

பாதித் தட்டில் போனைக் காதிலிருந்து எடுத்து மூடினார். அவ்வளவுதான், இன்றைக்கு இது போதும் என்று நினைத்துக் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தேன். அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். என் கையைப் பிடித்து ஸ்டூலில் மறுபடி உட்காரவைத்தார். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்து, அடுத்த கரண்டிக்கு வாயைத் திறந்தார்.

உன் தங்கை